மறுக்கத் தெரிந்த நாயகிகள்

காதல் கதையும் மாயாஜாலக் கதையும் படிக்கிறவர்களுக்கு நம் வீடுகளில் மரியாதை குறைவு. ஜெயகாந்தனைப் படிக்கிறவரை உட்கார வைத்து அபிப்பிராயம் கேட்பார்கள். ரமணிசந்திரனைப் படிக்கிறவளிடம் "அடுப்புல பாலைப் பாத்தியா?" என்றுதான் கேட்பார்கள். யாரும் கேட்கவில்லை என்பதற்காக அவளுக்கு அபிப்பிராயம் இல்லாமல் போய்விடாது. என் அத்தைக்கு இருந்தது. அவரிடமிருந்து எனக்கும் வந்தது. பெங்களூரின் பிரேசர் டவுனில் வளர்ந்த காலத்தில் அது எப்படி உருவானது என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

1898இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. கன்டோன்மென்ட்டில் நெருக்கியடித்துக் கிடந்த ஜனங்களுக்குக் காற்றோட்டமான இடம் வேண்டும் என்று திட்டமிட்டு எழுந்த பேட்டை எங்களுடையது. மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை 1910இல் அதற்கு வைத்தார்கள். நான் வளர்ந்த எண்பதுகளில் கோல்ஸ் பார்க்கைச் சுற்றியிருந்த தெருக்களில் தமிழ், உருது, கன்னடம், ஆங்கிலம் எல்லாம் ஒரே வாசல்படியில் பேசப்பட்டன. வீட்டுக்கு வீடு மொழி மாறியது. மொழிக்கு மொழி கதை மாறியது. எங்கள் வீட்டில் ஆனந்த விகடனும் குமுதமும் கிடக்கும். மாடி வீட்டு ஆங்கிலோ இந்திய டீச்சரிடம் மில்ஸ் அண்ட் பூன் அடுக்கியிருக்கும். பக்கத்து வீட்டு நானிமா உருதுக் கதைகளை மனப்பாடமாகவே வைத்திருந்தார்.

அத்தைக்குத் தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். ஏன் என்று வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். மாலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வாடகை நூலகத்துக்குப் போவார். ஒரு கடையின் பாதிதான் அந்த நூலகம். முன்பணம் கட்டி உறுப்பினராகிவிட்டால், புத்தகத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாடகை. சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிப்போவார். வரும் வழியில் மாஸ்க் ரோடு ஆல்பர்ட் பேக்கரியில் எனக்குக் கோவா நான் வாங்கித் தருவார்.

அங்கே அச்சிட்ட புத்தகங்களைவிட பைண்டு செய்த தொடர்கதைகளுக்குத்தான் கிராக்கி அதிகம். வாரப் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படுத்தி, தடித்த அட்டை போட்டுத் தைத்திருப்பார்கள். கதைப் பக்கத்தின் மறுபுறம் பாதி ராசிபலனோ தைல விளம்பரமோ இருக்கும். சாண்டில்யனின் 'கடல் புறா'வுக்கு லதா வரைந்த படங்களில் சில, கத்தரிக்கோலால் கச்சிதமாக வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். ஓரங்களில் பென்சில் எழுத்து. "இவனை நம்பாதே", "பாவம் இவள்", "அடுத்த வாரம் தாங்காது". நாயகன் ரொம்பவும் சினந்து பேசும் ஓர் இடத்தில் யாரோ ஒருத்தி, ஆம், அது பெண் எழுத்துதான், "போடா" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். நான் படித்த முதல் இலக்கிய விமர்சனம் அதுதான். அவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதப்பட்ட விமர்சனத்தைப் பிறகும் நான் அதிகம் பார்த்ததில்லை.

அத்தை எழுதமாட்டார். ஆனால் படித்து முடித்ததும் தீர்ப்பு சொல்வார். அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: நாயகன் மன்னிப்புக் கேட்டானா?

"கடைசிப் பக்கத்துல கையைப் புடிச்சிக்கிட்டா சரியாப் போச்சா கண்ணு? நடுவுல நூறு பக்கம் அவள அழ வச்சானே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

அப்பா சில சமயம், "ஏன்க்கா, இதெல்லாம் ஒரு கதைன்னு படிக்கிறியே" என்பார். அத்தை பதில் சொல்லமாட்டார். பக்கத்தைப் புரட்டும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்கும்.

ரமணிசந்திரனின் நாவல்களை அவர் ஒன்றுவிடாமல் படித்தார். அந்தக் கதைகளின் கட்டுமானம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வசதியான, கோபக்காரனான நாயகன். தன்மானத்தை விட்டுக்கொடுக்காத நாயகி. நடுவில் ஒரு தவறான புரிதல். முடிவில் சேர்ந்துவிடுவார்கள். "எல்லாம் ஒரே கதை" என்று கேலி செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மாடி வீட்டு டீச்சர், பழுப்புத்தாள் அட்டை போட்டு எனக்கு இரவல் தந்த மில்ஸ் அண்ட் பூன் கதைகளில் கல்யாணம் கடைசிப் பக்கத்தில் வரும். தமிழ்க் காதல் கதைகள் பலவற்றில் கல்யாணம் முதல் அத்தியாயங்களிலேயே முடிந்துவிடும். காதல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். நாயகிக்கு முன்பின் தெரியாத ஒருவனோடு கட்டாயத்தாலோ சூழ்நிலையாலோ தாலி ஏறியிருக்கும். அவனைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்வதுதான் மீதிக் கதை.

இதை நான் சொன்னபோது அத்தை வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "இங்க எல்லாப் பொண்ணுக்கும் அப்படித்தானே நடக்குது? தெரியாத வீட்டுக்குப் போறா. அந்த ஆளு நல்லவனா இருக்கணுமேன்னு வேண்டிக்கிறா. இருந்தா எப்படி இருக்கும்னு இந்தப் புஸ்தகம் காட்டுது."

தமிழ்க் காதல் நாவலைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான வாக்கியம் இது. அந்த நாவல்கள் கனவை விற்றன என்பார்கள். அத்தையைப் போன்றவர்களுக்கு அவை ஓர் அளவுகோலைக் கொடுத்தன. மனைவியின் படிப்பை மதிப்பவன், மாமியார் எதிரே அவளை விட்டுக்கொடுக்காதவன், சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படுகிறவன் என்று ஒரு கணவனுக்கான இலக்கணத்தைப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அவை வழி செய்தன. தன் வாழ்க்கையில் அந்த அளவுக்கு வராத ஒருவரை விட்டுவிட்டு வந்த பெண்மணிக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

அதே அத்தைதான் லட்சுமியையும் படிக்கச் சொன்னார். லட்சுமி என்ற பெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரிக்கு 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக 1984இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது, தன் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்ததுபோல் சந்தோஷப்பட்டார். "பாத்தியா, நாம படிக்கிறதும் இலக்கியம்தான்" என்று அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

சாண்டில்யனிடம் எங்கள் இருவருக்கும் மனத்தாங்கல் உண்டு. கடலையும் கப்பலையும் போர் வியூகத்தையும் அவரைப்போல் கண்முன் நிறுத்தியவர்கள் குறைவு. 'கடல் புறா'வின் கடற்சண்டையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் நாயகியின் உடலைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கிறவர், அவள் என்ன நினைக்கிறாள் என்பதற்கு அந்த அளவு இடம் தரவில்லை. காதலிக்கப்படுகிறவளின் மனம் தெரியாத கதையைக் காதல் கதை என்று எப்படிச் சொல்வது? அந்த ஏமாற்றத்தை இன்றும் சொல்வேன்.

அந்த வருஷங்களில் என்னை ஆழமாகத் தொட்டது கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை தொடராக வந்த கதை. காஞ்சி இளவரசன் நரசிம்மவர்மனும் சிற்பி ஆயனரின் மகள் சிவகாமியும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். சாளுக்கியர்கள் சிவகாமியை வாதாபிக்குச் சிறைப்பிடித்துப் போகிறார்கள். மீட்க வந்தவனோடு உடனே போக மறுத்து, இந்த நகரத்தை எரித்த பிறகுதான் வருவேன் என்று சபதம் செய்கிறாள். வருஷக்கணக்கில் காத்திருந்து சபதம் நிறைவேறும்போது, நரசிம்மவர்மனுக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணம் ஆகியிருக்கிறது. சிவகாமி தன் நடனத்தை ஏகாம்பரநாதருக்கே ஒப்புக்கொடுக்கிறாள்.

நான் அழுது தீர்த்தேன். பக்கத்துத் தெருவில் இருந்த என் கன்னடத் தோழியிடம் கதையைச் சொன்னேன். வாதாபி என்றதும் அவள், "பாதாமியா?" என்றாள். புலகேசி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அவன் காஞ்சியை முற்றுகையிட்ட எதிரி. அவளுக்கோ, நர்மதைக் கரையில் ஹர்ஷவர்த்தனரையே தடுத்து நிறுத்திய மாவீரர் இம்மடிப் புலகேசி. ராஜ்குமார் அந்த வேஷம் கட்டிய 1967ஆம் வருஷத்துப் படத்தை அவள் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். ஐஹொளெக் கல்வெட்டில் ரவிகீர்த்தி புலகேசியைப் புகழ்ந்து பாடியிருப்பதைப் பள்ளிக்கூடத்தில் நானும்தான் படித்தேன். ஆனால் கதைப் புலகேசியும் பாடப்புத்தகப் புலகேசியும் ஒரே ஆள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 642இல் எரிந்தது அவள் ஊர். அந்த வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, "எரியட்டும்" என்று நான் சந்தோஷப்பட்ட பக்கத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது?

அவள்தான் வழி சொன்னாள். "சண்டைய விடு. அந்தப் பொண்ணு என்ன ஆனா? அதச் சொல்லு."

சிவகாமி என்ன ஆனாள் என்பதை நாங்கள் பல நாள் பேசினோம். காஞ்சி, வாதாபி இரண்டுமே அவளைத் தங்கள் மானமாக்கிக்கொண்டன. அவளுடைய காதலுக்கு இரண்டு ஊரிலும் இடமில்லை. சரித்திரக் காதல் கதையில் வாசகி கண்வைக்க வேண்டியது அந்தப் பெண்ணின் மீதுதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். 1991 டிசம்பரில் காவிரி நீர்க் கலவரத்தில் இந்த நகரம் எரிந்தபோது அந்தப் பேச்சு எனக்குத் துணையாக இருந்தது. எங்கள் பேட்டைக்கே புலகேசி நகர் என்று பெயர் வந்தது. எனக்கு வருத்தமில்லை. அவரைத் தோழியின் கண்ணாலும் பார்க்கக் கற்றிருந்தேன்.

மாயாஜாலக் கதைக்கு என் பள்ளிக்கூடம் நானிமாவின் வாசல். அதற்கு முன்பே அம்புலிமாமா உண்டு. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய அந்தப் பத்திரிகையைத் தோழி கன்னடத்தில் வாங்குவாள், நான் தமிழில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் படம் ஒன்றாகவே இருக்கும். தோளில் பிணத்தைச் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனைச் சங்கர் வரைந்த படத்தை இரண்டு மொழியிலும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். பதில் தெரிந்தும் பேசாவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். பேசினால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் ஒரு விலை கொடுத்தாக வேண்டும்.

நானிமா நோன்பு மாதத்தில் மத்தியான வேளைகளில் தமிழும் உருதும் கலந்து ஹாதிம் தாயி கதை சொல்வார். ஹுஸ்ன் பானு என்ற பேரழகி. தன்னைக் கட்டிக்கொள்ள வருகிறவன் ஏழு கேள்விகளுக்கு விடை கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். 'நல்லது செய்து ஆற்றில் போடு' என்று ஒருவன் வீட்டுக் கதவில் எழுதி வைத்திருக்கிறானே, ஏன் என்பது ஒரு கேள்வி. அவளை விரும்பிய இளவரசனால் முடியவில்லை. அவனுக்காக ஹாதிம் புறப்படுகிறான். கடைசிக் கேள்வி ஒரு மாயக் குளியல் மண்டபத்தைப் பற்றியது. அங்கே கூண்டில் ஒரு கிளி. மூன்று அம்புகள். முதல் அம்பு தவறினால் முழங்கால்வரை கல்லாகிவிடுவான், இரண்டாவது தவறினால் இடுப்புவரை. நானிமா இந்த இடத்தில் தன் முழங்காலைத் தட்டிக் காட்டுவார். எங்கள் கால் மரத்துவிடும்.

"மூணாவது அம்பு, நானிமா?"

"கண்ண மூடிக்கிட்டு, அல்லா பேரச் சொல்லி உட்டான் பேட்டா. பட்டுடுச்சி."

மாயம் என்றால் என்ன என்பதை எனக்கு அந்த மண்டபம் கற்றுக்கொடுத்தது. கதைக்குள் மந்திரத்துக்குச் சட்டம் இருக்க வேண்டும். பயன்படுத்துகிறவன் எதையாவது பணயம் வைக்க வேண்டும். கையை அசைத்ததும் எல்லாம் கிடைத்துவிடுகிற கதையில் பயமும் இல்லை, ஆசையும் இல்லை. அந்தக் கதைக்குள் இன்னொன்றும் இருந்தது. கேள்வி கேட்கிறவள் பெண். விடை வரும்வரை யாருக்கும் அவள் சரி என்று சொல்லவில்லை.

இந்த இரண்டு பாதைகளும் சேரும் இடத்தை அல்சூர் ஏரிக்கு அருகே, 1950இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் கண்டேன். கல்லூரி நாட்களில் அங்கே மணிமேகலையை உரையோடு எடுத்துப் படித்தேன். எங்கள் பேட்டை உருவாகக் காரணமான பிளேக் வந்த அதே 1898இல்தான் உ.வே.சாமிநாதையர் அந்தக் காப்பியத்தை அச்சேற்றினார் என்பதை முன்னுரையில் பார்த்து வியந்தேன். உதயகுமாரன் சோழ இளவரசன். மணிமேகலையை விரும்பித் துரத்துகிறான். அவளுக்கோ துறவில் நாட்டம். உறங்கும்போது தெய்வம் அவளை மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிப் போகிறது. வான்வழி செல்ல, வேற்றுருக் கொள்ள, பசியைத் தாங்க என்று மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியும் கிடைக்கிறது. ஊருக்குத் திரும்பியவள் இளவரசனிடமிருந்து தப்பக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். சிறைச்சாலையை அறச்சாலையாக்கிப் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். அந்த வேற்றுருவுக்கும் விலை உண்டு. தன் மனைவியை இளவரசன் தொடர்வதாக நினைத்த காயசண்டிகையின் கணவன் அவனை வெட்டிவிடுகிறான்.

ஓர் அரசகுமாரனிடம் "வேண்டாம்" என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு அந்தக் காலத்தில் மந்திரம் தேவைப்பட்டிருக்கிறது. அதை மணிமேகலையைப் பாடிய சாத்தனார் கொடுத்தார். காதல் கதையில் மறுக்க வழியில்லாத இடத்தில்தான் மாயக் கதை பிறக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியும் அங்கேதான் கிடைத்தது. கருவுற்ற அரசி விசயை பறக்கும் மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். அவள் மகன் சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிறான். மணநூல் என்றே அதற்கு இன்னொரு பெயர். எழுதியவரோ சமணத் துறவி. வீணையில் தன்னை வெல்கிறவனுக்கே மாலையிடுவேன் என்று நிற்கும் காந்தருவதத்தை எனக்கு ஹுஸ்ன் பானுவின் தமிழ்ச் சகோதரியாகத் தெரிந்தாள். எட்டு மணங்கள் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் வீணைப் போட்டி நடக்கும் அந்த ஒரு பகுதிக்காக அந்த நூலை எத்தனை முறையும் எடுப்பேன்.

இப்போது சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் காதலும் மாயமும் கலந்த ஆங்கில நாவல்களுக்குத் தனி அடுக்கே இருக்கிறது. சாரா ஜே. மாஸ், ரெபேக்கா யாரோஸ் என்று என் மகள் வாங்கி அடுக்குகிறாள். இது புது வகை என்கிறார்கள். சிந்தாமணியைப் படித்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். தமிழிலும் கதை குறையவில்லை. 2014இல் இதே பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற செயலிகளில் பெண்கள் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுகிறார்கள். சமையலை முடித்துவிட்டு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கும் பெண்களின் அவசரம், பைண்டு புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியவளின் அவசரம்தான். இந்த எழுச்சியை நான் மனதார வரவேற்கிறேன்.

அதனால்தான் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. நாயகியைக் கடத்துகிறவன், அடிக்கிறவன், அவள் விருப்பத்தைக் கேட்காமல் தாலி கட்டுகிறவன், இவர்களை 'ஆன்டி ஹீரோ' என்று கொண்டாடும் கதைகள் பெருகியிருக்கின்றன. அவனுக்கு ஒரு சோகமான இளம்பருவத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுகிறது. தீயவனைக் கதையில் எழுதக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 'சிவகாமியின் சபத'த்தில் கல்கி படைத்த நாகநந்தியை மறக்க முடியுமா? ஆனால் கல்கி அவனைச் சிவகாமிக்குக் கணவனாக்கவில்லை. பயத்தைக் காதல் என்று பெயர் மாற்றி வாசகியின் கையில் கொடுப்பது வேறு காரியம். இருபது வயதுப் பெண் ஒருத்தி அந்தக் கதையை அளவுகோலாக எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போவாள் என்பதை எழுதுகிறவர் நினைத்துப் பார்க்க வேண்டும். என் அத்தை அப்படிப்பட்ட வீடு ஒன்றிலிருந்துதான் திரும்பி வந்தார் என்று, அவர் காலமான பிறகு அப்பா சொன்னார்.

எழுதுகிற தங்கைகளுக்கு இந்த வாசகியின் வேண்டுகோள் இவ்வளவுதான். உங்கள் நாயகி ஒரு முறையாவது "வேண்டாம்" என்று சொல்லட்டும். அதைக் கேட்டு உங்கள் நாயகன் ஒதுங்கி நிற்கட்டும். அதற்குப் பிறகு அவள் சரி என்று சொன்னால் அது காதல் கதை. உங்கள் மந்திரவாதி எதையாவது இழக்கட்டும். அதுதான் மாயக் கதை. படிக்கிற பெண்களே, பிடிக்காத இடத்தில் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். வீட்டில் யாராவது இந்தப் புத்தகங்களைப் படித்தால், பாலைப் பார்க்கச் சொல்வதற்கு முன்னால், கதை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர்களிடம் பதில் இருக்கும்.